வெடியால ஷிப்ட்டுக்குப் போகிற சைக்கிளுக்கு விளக்கு

டிசம்பர் 21-ஐ ஒட்டித்தான் வருடத்திலேயே பகல் மிகக் குறைவு. ஆனால் காலை இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு மோசமான நாட்கள் அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் வருகின்றன. கோயம்புத்தூர், உடுமலைப் பக்கம் ஜனவரி கடைசியில் சூரியன் எழுவதற்கு ஆறே முக்கால் ஆகிவிடுகிறது. அதற்கு இருபது நிமிடம் முன்னால்தான் தடம் லேசாகக் கண்ணுக்குப் படும். மாலையில் கதை வேறு. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற நவம்பர் நடுவில், மணி ஆறு அடிக்கும் முன்பே பொழுது இறங்கிவிடும். பூமியின் சாய்வும், அது சூரியனைச் சுற்றுகிற பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து இப்படி ஆக்குகின்றன. ஆகவே எங்களுக்கு விளக்குக் காலம் என்பது தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்து மாசி வரைக்கும் நீளும்.

நான் குடிமங்கலம் பக்கத்து ஊர்க்காரன். உடுமலை ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பிட்டர் வேலை. ஏ ஷிப்ட் ஆறு மணிக்கு என்பதால் வீட்டை விட்டு ஐந்துக்கே கிளம்ப வேண்டும். பி ஷிப்ட் என்றால் திரும்பும்போது ராத்திரி பத்து தாண்டும். முதலில் இட்டேரி என்கிற வேலியோர மண்தடம், அப்புறம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரை, அதற்கப்புறம் லாரியும் கம்பெனி பஸ்ஸும் பறக்கிற மெயின் ரோடு என்று மூன்று விதமான இருட்டைத் தாண்டித்தான் போய்ச் சேர வேண்டும். மூன்றுக்கும் ஒரே விளக்கு ஒரே மாதிரி உதவாது.

பல வருடம் இப்படிப் போய் வந்ததிலும், உடன் வேலை பார்க்கிறவர்களுக்கு விளக்குக் கட்டிக் கொடுத்ததிலும் எனக்கு உறுதியாகிப்போன ஒன்று உண்டு. விளக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது. இரண்டாயிரம் ரூபாய் விளக்கைக் கோணலாகக் கட்டியிருப்பவரைவிட, நானூறு ரூபாய் விளக்கைச் சரியாகக் கட்டியிருப்பவர் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.

பின்பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லோரும் முன்விளக்கைத்தான் முதலில் வாங்குகிறார்கள். முன்னால் இருக்கிற குழியை நம் கண் எப்படியாவது கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருகிற லாரிக்காரர் நம்மைப் பார்த்தாரா இல்லையா என்பது நம் கையில் இல்லை. அதனால் கையில் இருக்கிற காசு ஒரு விளக்குக்குத்தான் பத்தும் என்றால், முதலில் சிவப்பு விளக்கை வாங்குங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

கடையில் கிடைக்கிற பின்லைட் பெரும்பாலும் சீட் பைப்பில் மாட்டுகிற மாதிரி வரும். கியர் சைக்கிளில் வெறும் முதுகுப்பையோடு போகிற ஆளுக்கு அது சரி. நம் ஊர் சைக்கிளில் சீட்டுக்குப் பின்னால் கேரியர் இருக்கிறது. கேரியரில் சோத்து டப்பா பை, ரேஷன் அரிசி, மாட்டுக்குச் சோளத்தட்டு என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். பனிக்கு மேலே போர்த்திய சால்வையோ ஸ்வெட்டரோ சீட்டுக்குக் கீழே தொங்கும். விளக்கு உள்ளே சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும், வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் வராது. எங்கள் மில்லில் ஸ்பின்னிங் பார்க்கிற அண்ணன் ஒருவரை இப்படித்தான் பின்னால் வந்த மொபெட் தட்டிவிட்டது. கை எலும்பு விலகி, இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார். அவருடைய விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது, தட்டுக்கட்டுக்கு அடியில்.

பின்லைட்டுக்கு ஏற்ற இடம் கேரியரின் கடைசிக் கம்பி. அங்கே ஒரு சின்னத் தகரப் பட்டையை போல்ட்டு போட்டு முடுக்கி, அதில் விளக்கை நிறுத்தினால் மேலே என்ன ஏற்றினாலும் மறைக்காது. சோளத்தட்டு மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சுமை என்றால் மட்கார்டின் கீழ்ப்பாதிக்கு இறக்க வேண்டும். பழைய கறுப்பு சைக்கிளில் மட்கார்டு முனையில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, சிவப்புக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்களே, அந்த இடம் நன்றாக யோசித்து வைத்த இடம். கேரியரிலேயே ஓரமாகக் கட்டுவதானால் வலது பக்கம் கட்டுங்கள். நாம் இடது ஓரமாகப் போகிறோம், வண்டிகள் நம்மை வலது பக்கமாகத்தான் தாண்டுகின்றன.

அடுத்தது சாய்வு. எல்ஈடி பின்லைட்டின் வெளிச்சம் நேர் பின்னால்தான் கூர்மையாகப் போகும். கொஞ்சம் மேலேயோ கீழேயோ திரும்பினாலும் தூரத்தில் பார்க்கிறவருக்குப் பாதி மங்கிவிடும். சீட் பைப் பின்பக்கம் சாய்ந்து நிற்பதால், அதில் அப்படியே மாட்டினால் விளக்கு தரையைத்தான் பார்க்கும். சாய்வைச் சரிசெய்கிற ரப்பர்த் துண்டு சில விளக்கோடு வரும். இல்லாவிட்டால் பழைய செருப்பு ரப்பரை ஆப்பு மாதிரி சீவி அடியில் கொடுக்கலாம். கட்டி முடித்ததும், சுமையோடு, சால்வையோடு வேறொருவரை சைக்கிளில் உட்கார வைத்துவிட்டு, நூறு அடி பின்னால் போய் நின்று பாருங்கள். அப்புறம் கார்க்காரர் கண் உயரத்துக்குக் குனிந்தும் பாருங்கள். இரண்டு உயரத்திலும் விளக்கு பளிச்சென்று கண்ணில் குத்த வேண்டும்.

விட்டு விட்டு எரிய விடுவதா, நிலையாக எரிய விடுவதா என்று மில்லில் ஒரு நாள் பெரிய வாக்குவாதமே நடந்தது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பதிலை ராத்திரி வெளியே வந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். உடுமலையிலிருந்து பல்லடம் வரைக்கும் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். கண்ணில் உடனே படும், ஆனால் அந்தக் காற்றாடி ஒரு கிலோமீட்டரில் இருக்கிறதா நாலு கிலோமீட்டரில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. சைக்கிளின் மினுக்கு விளக்கும் அதே போலத்தான். ஏதோ இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு கிட்டத்தில் என்று காட்டாது. நிலையாக எரிகிற விளக்கைப் பார்த்தால்தான் பின்னால் வருகிறவருக்குத் தூரம் பிடிபடும். எனவே மெயின் ரோட்டில் போகிறவர் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. கேரியரில் நிலையாக ஒன்று, முதுகுப் பையிலோ ஹெல்மெட்டிலோ மினுக்குவது ஒன்று. ஒன்றுதான் இருக்கிறதென்றால் நிலையாகவே எரியட்டும். இரண்டு வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பின்லைட் நின்றுபோனால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒன்று போனாலும் மற்றது இருக்கும்.

இனி முன்விளக்கு. போன கார்த்திகையில் எங்கள் தம்பி ஒருவன் போனைக் கொண்டுவந்து காட்டினான். "அண்ணா, அஞ்சாயிரம் லூமன்னு போட்டிருக்குதுங்ணா. முந்நூத்தம்பது ரூவாதானுங். ஆறு மணி நேரம் எரியுமாமுங்." லூமன் என்றால் வெளிச்சத்தின் அளவு. அவனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த மாதிரி விளக்குக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 என்கிற ஒற்றை லித்தியம் செல். 2,600 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட பத்து வாட் மணி. இந்த வகை விளக்கில் ஒரு வாட்டுக்கு நூறு லூமன் வந்தால் அதுவே நல்ல கணக்கு. அப்படியானால் ஆயிரம் லூமன் கொடுக்கப் பத்து வாட் வேண்டும், செல் ஒரு மணி நேரத்தில் காலி. ஐயாயிரம் லூமன் ஆறு மணி நேரம் என்பது அந்தச் செல்லால் ஆகவே ஆகாத காரியம். செல்லின் மேலேயே 9,900 என்று அச்சடித்து விற்பதும் உண்டு. பெயர் பெற்ற கம்பெனிச் செல்லே 3,500 வாக்கில்தான் இருக்கும். அட்டையில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தால் போதும்.

தெருவிளக்கு இருக்கிற ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு நூறு லூமன் தாராளம். அங்கே நம்மைப் பிறர் பார்க்கத்தான் விளக்கு. இட்டேரியிலும் வாய்க்கால் கரையிலும் ஓட்ட முந்நூறு வாக்கில் இருந்தால் நிம்மதி. முந்நூறு லூமன் என்றால் மூன்று வாட், அதே செல்லில் மூன்று மணி நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி, கையிருப்பு ஒரு மணி.

லூமன் என்பது விளக்கு கொட்டுகிற மொத்த வெளிச்சம். அது ரோட்டில் விழுகிறதா, வேப்பமரத்து உச்சியில் விழுகிறதா என்பதை லூமன் சொல்லாது. டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கிற விளக்கில் பாதி வெளிச்சம் மேலே போய் எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கிறது. கார் முகப்பு விளக்கு மாதிரி, மேலே கோடு போட்டு நறுக்கின வெளிச்சம் தருகிற சைக்கிள் விளக்குகள் இருக்கின்றன. ஜெர்மனியில் சட்டமே அப்படித்தான், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்கிற சைக்கிள் விளக்குக்கு அங்கே அனுமதி கிடையாது. நம் ஊரில் அந்த வகை கொஞ்சம் விலை கூடத்தான். தினமும் இருட்டில் போகிறவர் வாங்கலாம், அந்தக் காசு வீண் போகாது.

எந்த விளக்காக இருந்தாலும் சாய்வைச் சுவரை வைத்துச் சரிசெய்யலாம். இதைப் பொழுதோட, இருட்டின பிறகு வீட்டுச் சுவருக்கு எதிரே செய்யுங்கள். சைக்கிளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, ஸ்டாண்டு போடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள நிறுத்துங்கள். ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தூக்கிக்கொண்டு கணக்குத் தப்பும். விளக்கு தரையிலிருந்து எத்தனை உயரம் என்று டேப்பில் அளந்து, சுவரில் சாக்பீஸால் அதில் பாதி உயரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். விளக்கு ஒரு மீட்டர் உயரம் என்றால் கோடு அரை மீட்டரில். வெளிச்சத்தின் நடு அந்தக் கோட்டில் விழுந்தால், ரோட்டில் அது பத்து மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஐந்து மீட்டர். ஆகப் பத்து மீட்டர் என்பது இரண்டு நொடி. இட்டேரிக்கு அது போதும். மெயின் ரோட்டில் வேகமாகப் போகிறவர், நறுக்கின வெளிச்ச விளக்கு வைத்திருந்தால், கோட்டை முக்கால் உயரத்துக்கு ஏற்றலாம். அப்போது இருபது மீட்டர் கிடைக்கும். வட்ட வெளிச்ச விளக்கை மட்டும் பாதி உயரத்துக்கு மேலே ஏற்றாதீர்கள்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தை மாதத்தில் எங்கள் பக்கம் ரோட்டிலேயே கொள்ளும் மக்காச்சோளமும் காயப் போடுவார்கள். வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல்லை அடுக்கி வைப்பார்கள். சோளத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு சில இடங்களில் கல் அப்படியே கிடக்கும். தேங்காய் அளவுக் கல், தார் நிறத்திலேயே. தலையில் கட்டுகிற விளக்கில் பார்த்தால் அந்தக் கல் ரோட்டோடு ரோடாக மறைந்துவிடும். வெளிச்சமும் கண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. விளக்கு தாழ்வாக, ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் தலைக்குப் பக்கத்தில் இருந்தால், அதே கல் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு நிழலை ரோட்டில் போடும். நிழலைப் பார்த்துத்தான் கல்லைத் தெரிந்துகொள்கிறோம். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரும் இப்படித்தான் தெரியவரும். பழைய சைக்கிள்களில் ஹேண்டிலுக்குக் கீழே விளக்கு மாட்டக் கொக்கி ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் அந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். ஹேண்டிலில் தொங்குகிற தூக்குவாளி வெளிச்சத்தை மறைக்கும் தொல்லையும் அங்கே இல்லை.

மாட்டுவதில் பெரிய எதிரி குலுக்கல். பிளாஸ்டிக் கிளாம்பு தடித்த ஹேண்டில்பாருக்கு என்று செய்தது, நம் பழைய சைக்கிள் ஹேண்டில் 22 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். முடுக்கினாலும் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே விளக்கு தலை கவிழும். பஞ்சர் கடையில் பழைய டியூப் சும்மாவே கொடுப்பார்கள். அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நறுக்கி, ஹேண்டிலில் இறுக்கி இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கிளாம்பைப் போட்டு முடுக்குங்கள். ரப்பர் பிடித்துக்கொள்ளும், குலுக்கலையும் உறிஞ்சும். ஸ்குருவில் ஒரு ஸ்பிரிங் வாசர் சேர்த்தால் தளராது. விளக்கிலிருந்து சைக்கிளுக்கு ஒரு கயிற்றையும் கட்டிவிடுங்கள், கிளாம்பு உடைந்தால் விளக்கு சக்கரத்துக்குள் போகாமல் இருக்கும்.

கார்த்திகை மழைக்கும் மார்கழிப் பனிக்கும் விளக்கு தாங்க வேண்டும். வாட்டர்புரூப் என்று பெட்டியில் எழுதியிருந்த விளக்கு ஒன்று எனக்கு ஒரே மழையில் உள்ளே தண்ணீர் கோத்து நின்றுபோனது. அந்த வார்த்தையை நம்பாமல், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். பின்லைட்டுக்குச் சக்கரம் வாரியடிக்கிற சேறு எல்லாம் வருவதால் அதற்குத்தான் கூடுதல் எண் வேண்டும். சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடி கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். பனியில் நனைந்து வந்த விளக்கைத் துடைத்து, காய விட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தண்ணீர் உறைகிற நாட்டுக் கவலை, எங்கள் மார்கழிக் குளிர் லித்தியம் செல்லை ஒன்றும் செய்யாது.

மூடுபனிக்கு மஞ்சள் விளக்குதான் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பனித்துளி எந்த நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். வாய்க்கால் கரையில் பனி இறங்கின நாளில் வெளிச்சத்தைக் கூட்டினால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். விளக்கைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, மெதுவாகப் போவதுதான் வழி. தாழ்வாக மாட்டிய விளக்கு இங்கேயும் கைகொடுக்கும்.

அந்நேரத்துக்குத் தடத்தில் ஆட்களும் இருப்பார்கள். கோலம் போடுகிற பெண்கள், சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறவர்கள், தைப்பூசம் நெருங்கினால் பழனிக்கு நடக்கிற பக்தர்கள். வாய்க்கால் கரையில் ஒரு அம்மா எங்களோடு வந்த பையனை நிறுத்தியே கேட்டார். "ஏனுங் தம்பி, கண்ணுக்கு நேரா அடிக்கறீங்களே, தடமே தெரீலீங்." பாதயாத்திரைக் கூட்டத்தில் ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நடப்பவர்களை எட்டியே பார்த்துவிடலாம். ஒட்டாதவர்கள் பத்தடிக்குள் வந்தால்தான் தெரிவார்கள். கூட்டம் வந்தால் நான் விளக்கை உள்ளங்கையால் மேற்பாதி மறைத்துக்கொண்டு, மணி அடித்து, வேகத்தைக் குறைத்துப் போவேன்.

டைனமோவை இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வோல்ட், மூன்று வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்புக்கு அது மங்கல், எல்ஈடிக்கு அது நிறைய. டயரில் உரசுகிற டைனமோ மழையில் வழுக்கும், சைக்கிள் நின்றால் விளக்கும் நிற்கும். ரயில்வே கேட்டில் நிற்கிறபோது பின்னால் வருகிறவருக்கு நாம் தெரிய வேண்டும் என்பதால், பின்லைட்டையாவது பேட்டரியில் வைக்க வேண்டும்.

ஒளிர் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்களின் ஸ்பேர் கடைகளில் சிவப்பு, வெள்ளை டேப் அளந்து வெட்டிக் கொடுப்பார்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்துக் காயவைத்த மட்கார்டில் ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். மட்கார்டைவிட பெடல் தண்டிலும் கணுக்காலிலும் ஒட்டுவது இன்னும் நல்லது. மேலும் கீழுமாக ஏறி இறங்குகிற இரண்டு வெளிச்சத்தைப் பார்த்தால், அது சைக்கிள் மிதிக்கிற ஆள் என்று ஓட்டுநருக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் டேப் தானாக எரியாது, மேலே வெளிச்சம் பட்டால்தான் மின்னும். பனி படிந்தால் அதுவும் மங்கும். விளக்குக்குத் துணையாகத்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்வது பிள்ளைகளை நினைத்துத்தான். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கிற இலவச சைக்கிளில் டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு மேல் கூட்டமாக வருகிறார்கள், ஒன்றிலும் விளக்கு இல்லை. முன்னால் கூடை இருக்கிற சைக்கிள்களில் ஹேண்டிலில் மாட்டினால் வெளிச்சம் புத்தகப் பை மேல்தான் விழும். கூடையின் முன்கம்பியில், கீழ் மூலையில், டியூப் பட்டையும் இரண்டு கேபிள் டையும் போட்டுக் கட்டுங்கள். பின்லைட் கேரியர் முனையில். போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டால் பள்ளிக்கூட ஸ்டாண்டில் யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. பட்டன் செல் போடுகிற சின்னப் பின்லைட் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஸ்பேனரும் டியூப் பட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு தெருப் பிள்ளைகள் சைக்கிளுக்கெல்லாம் மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம். எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிறு அதைச் செய்கிறோம். செல் மாற்றுவது பொங்கல் லீவில்.